நூறு வருஷத்துப் பிக்குணியும் முனீஸ் சாரும்

ஆய்வேடு எழுதுவதுகூட நாகஜோதிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எழுதியதைக் கேட்பதற்கு ஆள் பிடிப்பதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது.

முனைவர் பட்டத்துக்குக் கடைசியில் வாய்மொழித் தேர்வு என்று ஒன்று உண்டு. அது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. எவனும் வரமாட்டான் என்பது நடைமுறை. சரி, வராவிட்டால் போகட்டும் என்று விடவும் முடியாது. அரங்கு காலியாகக் கிடந்தால் வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்கு மனசு கோணிப்போகும். நாகஜோதியின் நெறியாளர் பேராசிரியர் ஆத்தப்பன் இதைக் குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னார்.

"போன தடவ ஒரு பையனுக்கு நாலே நாலு பேருங்கம்மா. அதுல ரெண்டு பேரு வாட்ச்மேன். தேர்வாளருக்குப் பொழுது போகோணுமில்லீங்க? பையனை நிக்கவெச்சுப் பிழிஞ்சு போட்டாரு. ஹால் நெறையோணும். வயிறார சாப்பாடு போடோணும். கேள்வி கேக்கறதுக்கு நம்ம ஆளுகளே வேணும். அப்பத்தான் நமக்குத் தெரிஞ்ச கேள்வியாக் கேப்பாங்க."

நாகஜோதி விரல் விட்டு நாள் எண்ணினாள். அவளுடைய பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. இந்தத் தேர்வில் பட்டம் வந்தால் தாராபுரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருக்கிறது. வராவிட்டால் இத்தனை வருஷமும் போச்சு. கடைசிவரை நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிற பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைமுன் நின்று, துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சாத்தூர்ப் பக்கமிருந்து சின்ன வயசில் வந்தவள். பகலில் பனியன், ராத்திரியில் புத்தகம் என்று அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்து, அப்படியே ஆராய்ச்சிக்கும் பதிந்துவிட்டாள். தலைப்பு, 'சமயவியலில் பாலினக் கோட்பாடு: ஒரு பௌத்த அணுகுமுறை.' தலைப்பைத் தேர்ந்தெடுத்தது ஆத்தப்பன்தான். "பௌத்தம்னா வம்பு இல்லீங்கம்மா. நம்ம பக்கம் கோவிச்சுக்கறதுக்கு ஆளே இல்ல" என்றார். அந்த மனுஷன் அப்படி விளையாட்டாகக் கொடுத்த தலைப்பில் நாகஜோதி நிஜமாகவே விழுந்துவிட்டாள். சுவருக்குச் சுவர் ஒட்டி ஒரே சத்தமாகக் கிடக்கிற தன் லைன் வீட்டில் உட்கார்ந்து, ஆண் என்பதும் பெண் என்பதும் என்ன என்று யோசித்து யோசித்து, எத்தனையோ நாள் குழம்பைத் தீயவிட்டிருக்கிறாள்.

ஆள் பிடிக்க அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். கம்பெனி முதலாளி கந்தப்பனிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க அம்முணி, புத்தரைப் பத்திப் பேசறதுக்கு நம்ம ஆளுக எதுக்குங்க? அவிய என்ன புத்தரைக் கண்டாங்களா?"

"கேட்டுக்கிட்டு உக்காந்தாப் போதும் சார். மத்தது நான் பாத்துக்கிறேன்."

கந்தப்பன் மீசையைத் தடவினார். அது 2008-ஆம் வருஷக் கடைசி. மின்சாரத் தட்டுப்பாட்டில் கம்பெனிகளுக்கெல்லாம் வாரத்தில் ஒரு நாள் மின்விடுமுறை விட்டிருந்தார்கள். அவருடைய கம்பெனிக்குப் புதன்கிழமை. தேர்வும் புதன்கிழமை.

"கூட்டிட்டுப் போங்க. கரண்ட் இல்லாத நாள்ல இங்க உக்காந்து சீட்டாடறதுக்கு அங்க உக்காந்து ஞானம் கேக்கட்டும். வேன் தர்றனுங்க. நானும் வர்றேன். நம்ம கம்பெனியில ஒரு டாக்டர்னா சும்மாவா?" என்றார். நாகஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரையும் செக்கிங் மேசைமுன் கூட்டிவைத்து வேலை பிரித்தாள். வேலை பிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆண்களெல்லாம் அரங்கில் உட்கார வேண்டியது. கட்டிங் மாஸ்டர் ராபினுக்கு ஒரு கேள்வி, அயர்னிங் சீனிச்சாமிக்கு ஒரு கேள்வி, சூப்பர்வைசர் முனீசுக்கு ஒரு கேள்வி. கேள்வியைச் சொல்லிக் கொடுத்து, தான் சொல்லப்போகும் பதிலையும் சொல்லிக் காட்டி, மூன்று பேரையும் ஒப்பிக்க வைத்தாள். பெண்களெல்லாம் சாப்பாடு. தக்காளிச் சோறு, தயிர்ச்சோறு, வடை விடிகாலையிலேயே செய்து வேனில் ஏற்றிவிட வேண்டியது. டீ மட்டும் அங்கே போய் அரங்குக்குப் பின்னால் அடுப்பு வைத்துப் போட வேண்டியது.

இதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. பெண்கள், "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். நாகஜோதியின் சித்தி கருத்தம்மாதான், "எனக்கு என்ன?" என்று தனியாகக் கேட்டாள். அவளும் அங்கே செக்கிங்தான். நாகஜோதி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே மேசை.

"நீதான் டீ, சித்தி. ஒன் பக்குவம் யாருக்கு வரும்?" என்றாள் நாகஜோதி. கருத்தம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வேனில் ஏறின கருத்தம்மாவைப் பார்த்து டிரைவரே ஒரு நிமிஷம் வண்டியை எடுக்க மறந்துவிட்டான். மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டு. தலை நிறையக் கனகாம்பரம். கண்ணில் மை வேறு. "அக்கா மக டாக்டராகுறா. முன்னாடி வரிசையில ஒரு ஆளாவது ஒழுங்கா உடுத்தி உக்கார வேணாமா?" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தாள்.

கல்லூரியில் இறங்கியதும் பேராசிரியர் ஆத்தப்பனின் ஆள் ஒருவன் பாத்திரங்களோடு அவளையும் சேர்த்து நேராகப் பின்பக்க வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். முன்னாடி வரிசையைக் கருத்தம்மா கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அரங்கில் மூன்று வரிசைக்கு ஆண்கள் நிறைந்து உட்கார்ந்தார்கள். கந்தப்பன் வெள்ளை வேட்டியில் நடுநாயகமாக உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ தொழிலதிபர் விழா என்று நினைத்து இரண்டு மாணவர்கள் அவரிடம் நன்கொடை கேட்டுவிட்டுப் போனார்கள்.

தேர்வாளர் திருச்சியிலிருந்து வந்தவர். மெலிந்த மனுஷர். மார்கழிக் குளிருக்குக் காதோடு சேர்த்து மஃப்ளர் சுற்றியிருந்தார். நாகஜோதி பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று ஆத்தப்பனுக்கே புரியவில்லை.

நாகஜோதி நன்றாகப் பேசினாள். சும்மா சொல்லக் கூடாது, நடுக்கமே இல்லை.

"'நான்' என்று நிலையாக ஒன்றும் இல்லை என்கிறது பௌத்தம். பல காரணங்கள் கூடி ஒன்று உண்டாகிறது. காரணங்கள் கலைந்தால் அதுவும் கலைகிறது. அப்படியானால் ஆண், பெண் என்பதும் நிலையான பொருளாக இருக்க முடியாது. அது ஒரு செயல். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அது என்றைக்கும் இருந்த பொருள்போலத் தோன்றுகிறது. சமயங்களை ஆராய்கிறவர்கள் 'இந்த மதம் பெண்ணை உயர்த்தியதா, தாழ்த்தியதா' என்று மட்டும் கேட்கிறார்கள். பெண் என்கிற அந்த ஒன்றை அந்த மதம் தினமும் எப்படிச் செய்தது என்று கேட்க வேண்டும் என்பதே என் ஆய்வு."

இவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு ஐந்தாம் இயலுக்கு வந்தாள். அதுதான் அவளுடைய செல்லப்பிள்ளை. இத்தனை பேசின பௌத்தம், தன் துறவிகள் சங்கத்துக்குள் ஒரு விதி வைத்திருந்தது: துறவு பூண்டு நூறு வருஷமான பிக்குணியாக இருந்தாலும், இன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவைக் கண்டால் எழுந்து நின்று வணங்க வேண்டும். ஆண் பெண் என்று ஒன்றுமே இல்லை என்று சொன்ன இடத்தில், யார் யாருக்கு எழுந்து நிற்பது என்பதில் மட்டும் அது எப்படி வந்து உட்கார்ந்துகொண்டது? அறுபது பக்கம் எழுதியிருந்தாள்.

கேள்வி நேரம் வந்தது. ராபின் எழுந்து, கட்டிங் மெஷின் ஓடும்போது பேசுகிற குரலில், முதல் கேள்வியை முழங்கினான். தேர்வாளர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். நாகஜோதி பதில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டக் கூடாது என்று ஆத்தப்பன் சைகை காட்டினார். அதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அடுத்தது சீனிச்சாமி. "பௌத்தத்தில் ஆன்மாவே இல்லை என்றால், பெண் பிறவி தாழ்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டான். அதோடு உட்கார்ந்திருந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. "சொல்ல முடியாது. ஏனெனில் தாழ்வதற்கு அங்கே நிலையாக எதுவும் இல்லை. இதை என் மூன்றாம் இயலில் விளக்கியுள்ளேன்" என்று பதிலையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"நீங்க எங்கே பணியாற்றுறீங்க?" என்று தேர்வாளர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அயர்னிங்ல சார்."

தேர்வாளர் மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். ஆத்தப்பன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டார். நாகஜோதி இங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று நின்றாள்.

கெட்டிக்காரத்தனமாக நிலைமையைச் சமாளித்தது முனீஸ்தான். எழுந்து, தொண்டையைச் செருமி, "நூறாண்டு துறவு பூண்ட பிக்குணி, இன்று வந்த பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்ற விதியை அந்தப் பெண்கள் ஏன் எதிர்க்கவில்லை?" என்று திருத்தமாகக் கேட்டான். கேள்வியோடு நிறுத்தவும் செய்தான். நாகஜோதிக்கு உயிர் வந்தது.

"நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தாள். "அந்தப் பெண்களுக்கு அது விதியாகவே தெரிந்திருக்காது. தினமும் செய்கிறது கண்ணுக்குத் தெரியாது. அனுபவம் அத்தனையும் ஒருத்தியிடம் இருக்கும், ஆனால் மரியாதை முந்தாநாள் வந்தவனுக்குப் போகும். ஒரு பிக்குணி எழுந்து நிற்பதை யாராவது வெளியாள் பார்த்துச் சொன்னால்தான்..."

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. மாம்பழப் பட்டு இடுப்பில் ஏற்றிச் செருகியிருக்க, கண்மை வியர்வையில் கரைந்து கன்னத்தில் இறங்கியிருக்க, கருத்தம்மா டீத் தட்டோடு உள்ளே வந்தாள். மேடைக்குக் கொடுத்தாள். கந்தப்பனுக்குக் கொடுத்தாள். அப்புறம், நின்றுகொண்டிருந்த முனீசின் பக்கம் போய், தலையைக் கொஞ்சம் குனிந்து தட்டை நீட்டினாள்.

"சார், டீ."

முனீஸ் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக்கொண்டான். கம்பெனியில் எப்படி எடுப்பானோ அப்படி.

நாகஜோதிக்கு வாயில் இருந்த வாக்கியம் வாயிலேயே நின்றுபோனது. தேர்வாளர் இப்போது முழுசாக விழித்திருந்தார்.

"அந்த அம்மா யாரு?"

"உதவிக்கு வந்தவங்கங்க சார். நீங்க டீயைக் குடிங்க, ஆறிப்போயிரும்" என்று ஆத்தப்பன் முந்திக்கொண்டார்.

"என் சித்தி சார்" என்றாள் நாகஜோதி. "எங்க கம்பெனியில செக்கிங். நான் பாவாடை சட்டை போட்ட காலத்துல இருந்து அதே வேலை."

"இவரு?"

"சூப்பர்வைசர் சார். வந்து மூணு வருஷம் ஆச்சு."

"இவருக்கு வேலை கத்துக் குடுத்தது யாரு?"

இதற்கு யாரிடமும் ஒப்பித்த பதில் இல்லை. முனீஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் பார்த்தான். கெட்டவன் இல்லை, பொய் சொல்லத் தெரியாதவன். "கருத்தம்மாதான் சார். ஓட்டை எது, எண்ணெய்க் கறை எதுன்னு கையைப் புடிச்சுக் காமிச்சுச்சு" என்றான். சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கும் காது சிவந்தது.

தேர்வாளர் அரங்கை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று வரிசையும் மீசை. "பாலினக் கோட்பாடு பத்தின தேர்வு. பெண்கள் ஒருத்தரும் வரலையாம்மா?"

"வந்திருக்காங்க சார்."

"எங்கே?"

"பின்னாடி..." வராந்தாவிலிருந்து கரண்டிச் சத்தம் நன்றாகக் கேட்டது. நேற்றுச் சாயங்காலம் மேசைமுன் நின்று தான் வேலை பிரித்தது அப்படியே கண்முன் வந்தது. ஒருத்திக்குக்கூட ஒரு கேள்வி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளா என்றால் அதுவும் இல்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது.

"ராபின் அண்ணே" என்றாள். "எல்லாரும் எந்திரிங்க. பின்னாடி போய் அடுப்பைப் பாருங்க. அவங்களை உள்ள வரச் சொல்லுங்க."

"நாங்களா?" என்றான் ராபின். "யம்மா ஜோதி, எனக்குத் துணிதாம்மா வெட்டத் தெரியும்."

"போங்கண்ணே!"

போனார்கள். தேர்வாளருக்கு முன்னால் கௌரவம் பார்த்துக் கந்தப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு, என்னமோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துகொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கருத்தம்மா மட்டும் பயப்படவில்லை. நேராக முன்வரிசைக்கு வந்து, செருகலை இறக்கிவிட்டு, கொசுவத்தை நீவி, கந்தப்பன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க யாராவது கேளுங்கம்மா" என்றார் தேர்வாளர்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கருத்தம்மா எழுந்தாள். காலையிலிருந்து அவளுக்கு அடுப்புப் புகையோடு சேர்ந்து ஒரு கோபமும் மூண்டு கிடந்தது. பட்டுச் சேலையை யாரும் பார்க்கவில்லையே என்பதுதான் அதில் பாதி.

"ஏ புள்ள நாகு! கதவுக்கு அங்கிட்டு இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பொம்பளைன்னு நெலையா ஒண்ணுமே கெடையாதுங்கிற. சரி, நீ படிச்சவ, இருக்கட்டும். இல்லாத ஒண்ணை நேத்து எப்புடிடி அத்தனை பேருக்குள்ள ஒருத்தி விடாம பொறுக்கி எடுத்து அடுப்படிக்கு அனுப்புன?"

அரங்கு கொல்லென்று சிரித்தது. ஆஷா என்கிற தையல்காரப் பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நாகஜோதி சிரிக்கவில்லை. முன்னூறு பக்கம் எழுதியதில் இதற்குப் பதில் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலும் இல்லை. பட்டம் கையைவிட்டுப் போகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. போகிறதுதான் போகிறது, உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பொறுக்கலை சித்தி. கை தானாப் போச்சு."

"என்னத்த தானா?"

"யோசிச்சிருந்தா தப்புன்னு தெரிஞ்சிருக்கும். யோசிக்கவே இல்ல. எங்கம்மா அப்பிடித்தான் பிரிச்சா, நீ அப்பிடித்தான் பிரிச்ச, கம்பெனியில அப்பிடித்தான் பிரிக்கிறாங்க. நீங்களும் எல்லாரும் எத்தனை பேருக்குன்னுதான கேட்டீங்க? நானாக் கண்டுபிடிச்சுச் செஞ்சது இல்ல, ஆனா செஞ்சது நான்தான். நூறு வருஷத்துப் பிக்குணியை எழுந்து நிக்க வெச்சவன் எவன்னு இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டு இருந்தேன். அவன் ரொம்பக் கெட்டவனா இருப்பான்னு நெனச்சிருந்தேன், சித்தி."

கருத்தம்மா எதிர்பார்த்தது சண்டை. சண்டைக்குப் பதிலாக அக்கா மகள் கண்ணில் தண்ணியோடு நிற்பதைப் பார்த்ததும், "சரி சரி, அழுவாத, போட்டோ எடுப்பாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "இப்ப சொன்னது இதுல எங்கேம்மா இருக்கு?"

"இல்ல சார்."

"ஏன் இல்ல? பார்க்காத பிக்குணிக்கு அறுபது பக்கம். தினம் பார்க்கிற ஆளுக்கு ஒரு வரியும் இல்ல." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நாலு மணிக்கு ரயில். அதுக்குள்ள ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அஞ்சாம் இயல் கடைசியில சேத்துக்கலாம். சரியா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். இல்லேன்னா திருத்தம் வேணும்னு எழுத வேண்டியதுதான்."

திருத்தம் என்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்துக்கு அவளுக்குப் பதிவே இல்லை. ஆத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாகஜோதி முன்வரிசையில் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை எடுத்தாள்.

எழுத விட்டார்களா? இரண்டு வரி போவதற்குள் வராந்தாவிலிருந்து கந்தப்பன் தலையை நீட்டினார். "அம்முணி, தயிர்ச்சோத்துக்கு எந்தக் கரண்டிங்க? குழியா இருக்கறதா, தட்டையா இருக்கறதா?"

"எதுன்னாலும் சரி சார்!"

அடுத்து ராபின். "ஜோதி, டீத்தூளு தண்ணியில போடணுமா, பால்ல போடணுமா?" அவன் போனதும் சீனிச்சாமி. இலை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும் என்று கேட்டான். கேட்டதோடு சரி, பதிலை இந்த முறை அவன் சொல்லவில்லை. அப்புறம் ஏதோ பெரிய பாத்திரம் தரையில் விழுந்து உருண்டு உருண்டு நிற்கிற சத்தம். அதன் பின்னாலேயே கந்தப்பனின் குரல்: "ஒண்ணும் ஆகலீங்க! மேலாப்பலதான் கொட்டுச்சு!"

உட்கார்ந்திருந்த பெண்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது வேறு பாடு. வேலை செய்யும்போதுகூட அவர்கள் முகத்தில் அப்படியொரு வேதனை கிடையாது. ஆஷா விரலைச் சொடுக்கிச் சொடுக்கி, சொடுக்க விரல் இல்லாமல் போனாள். மடிப்புப் பிரிவு மருதாள், ஊத்துக்குளிக்காரி, "ஐயோ சாமி, சோத்தைப் போயி மண்ணுல கொட்டறாங்களே, நான் ஒரு எட்டுப் போயி எடுத்து வெச்சுப்போட்டு வந்தர்றனுங்க" என்று கெஞ்சினாள். கருத்தம்மா பாதி எழுந்தேவிட்டாள்.

நாகஜோதி இடது கையால் பட்டு முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வலது கை எழுதிக்கொண்டே இருந்தது. "உக்காரு சித்தி. நீ எந்திரிச்சா இந்தப் பக்கமே பொய்யாப் போயிரும்."

"பால் பொங்குதுடி! வாடை வருது!"

"பொங்கட்டும்."

"ஆக்கங்கெட்டவளே, அம்புட்டும் நல்ல பாலுடி!" என்று கருத்தம்மா வாயில் அடித்துக்கொண்டாள். ஆனால் உட்கார்ந்தாள்.

சாப்பாடு எப்படியோ நடந்தது. யாருக்கு எது கிடைத்தது என்பதைக் கேட்காதீர்கள். தேர்வாளருக்கு வடை மட்டும் கிடைத்தது. சோறு வந்து சேரவில்லை. அவர் வடையைக் கடித்துக்கொண்டே நாகஜோதி நீட்டிய தாளை வாசித்தார். வேலை பிரித்த மேசை, அடுப்படிக்கு அனுப்பிய பெண்கள், "சார், டீ" எல்லாம் அதில் இருந்தது. தன் பெயரைத் தானே போட்டு, ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா பாதியில நிக்குது. இது மாறுமா, மாறாதா? எல்லாம் மாறும்னு பௌத்தம் சொல்லும். சும்மா அப்படிச் சொல்லிட்டா ஆச்சா? எப்படி மாறும்? முடிவு இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அவர் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆத்தப்பன் வாசலில் கார் நிற்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தார். நாகஜோதி தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, கடைசி வரிக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை.

அப்போது முனீஸ் தட்டோடு வந்தான். சட்டையெல்லாம் பால். மேடைக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசைக்கு வந்தான். கருத்தம்மாவின் முன்னால் நின்றதும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு கணம் திணறினான்.

"அக்கா... டீ."

கருத்தம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். டம்ளரை எடுத்தாள். சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். டம்ளரைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"சூடே இல்ல. வேற கொண்டா."

டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. முனீஸ் ஆவியைப் பார்த்தான், கருத்தம்மாவைப் பார்த்தான். பெண்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். அவன், "இந்தா கொண்டாரேன்க்கா" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தான்.

நாகஜோதி குனிந்து விறுவிறுவென்று எழுதினாள். 'செய்யப்படுவதை வேறு விதமாகவும் செய்யலாம். முதல் நாள் டீ நன்றாக இருக்காது.'

தேர்வாளர் வாங்கி வாசித்தார். தன் கையிலிருந்த டம்ளரை ஒரு தடவை பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஆத்தப்பன் பதறி எழுந்தார்.

"உண்மைதாம்மா" என்றார் தேர்வாளர். பேனாவைத் திறந்தார். தாளில் வைக்கப்போன பேனா பாதியில் நின்றது.

"ஒரே ஒரு திருத்தம். ஆய்வேடு இல்லையா? 'டீ' வேண்டாம். 'தேநீர்'னு போட்டுருங்க."

அடித்து எழுதிக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டு, "வாழ்த்துகள், டாக்டர் நாகஜோதி" என்று எழுந்து நின்று கும்பிட்டார். அவளுக்கு அது காதில் சரியாக விழவில்லை. பக்கத்து நாற்காலியில் கருத்தம்மா இரண்டாவது டம்ளரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.